தண்ணீர் எங்கிருந்து வந்தது?

பூமிக்கு மேலே சுமார் 400 கிலோமீட்டர் உயரம். அங்கே ஆறு இல்லை, குளம் இல்லை, மழை இல்லை. மூச்சுவிடக் காற்றுகூட இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் மிதந்துகொண்டிருந்த ஒருவர், தண்ணீரில் மூழ்கிப்போகும் ஆபத்தில் சிக்கினார். இது கற்பனைக் கதை இல்லை. 2013ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் தேதி, பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு வெளியே உண்மையாகவே நடந்தது.

அவர் பெயர் லூக்கா பார்மிட்டானோ. இத்தாலி விமானப்படையில் சோதனை விமானியாக இருந்து விண்வெளி வீரர் ஆனவர். அன்று அவரோடு வெளியே போனவர் அமெரிக்க வீரர் கிறிஸ் காசிடி.

விண்வெளி நிலையத்தில் இருப்பவர்களின் உயிரைக் காப்பதில் ஒரு சின்னக் கேள்விக்குப் பெரிய பங்கு உண்டு. 'இது ஏன் நடந்தது?' என்பதுதான் அந்தக் கேள்வி. அதைப் பாதியில் விட்டால் என்ன ஆகும், விடாமல் கேட்டால் என்ன ஆகும் என்று லூக்காவுக்கு நேர்ந்தது நமக்குக் காட்டுகிறது. படித்துக்கொண்டே வாருங்கள். நடுவில் உங்களிடமும் முடிவு கேட்பேன்.

உடைக்குள் தண்ணீர் எதற்கு?

நிலையத்துக்கு வெளியே போய் வேலை செய்வதை விண்நடை என்கிறோம். அதற்கென்று ஒரு தனி உடை இருக்கிறது. அதற்குள் ஆக்சிஜன் இருக்கும், மின்கலம் இருக்கும், பேசுவதற்கு வானொலி இருக்கும், வெளிவிடும் கார்பன் டைஆக்சைடை உறிஞ்சும் பெட்டி இருக்கும். தண்ணீரும் இருக்கும்.

நாம் ஓடி விளையாடினால் உடம்பு சூடாகிறது. சுற்றியிருக்கும் காற்று அந்தச் சூட்டைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகிறது. வியர்வை ஆவியாகி உடம்பைக் குளிர வைக்கிறது. விண்வெளியிலோ காற்றே கிடையாது. காற்றுப் புகாத உடைக்குள் ஆறு, ஏழு மணி நேரம் பாடுபடுபவரின் உடல்சூடு எப்படி வெளியேறும்? அதற்காகவே, உடம்பை ஒட்டி அணியும் உள்உடையில் மெல்லிய குழாய்களை வைத்துத் தைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் சேர்த்தால் சுமார் 90 மீட்டர் நீளம் வரும்! குளிர்ந்த தண்ணீர் அவற்றில் ஓடி, உடம்பின் சூட்டை வாங்கிக்கொள்ளும்.

வாங்கிய சூட்டை எங்கே கொண்டுபோய் விடுவது? முதுகில் இருக்கும் பெட்டியில் அதற்கு ஒரு கருவி உண்டு. அதற்குள் கொஞ்சம் தண்ணீர் உறைந்து பனிக்கட்டியாகும். பிறகு உருகாமல் நேராகவே ஆவியாகி விண்வெளிக்குப் போய்விடும். போகும்போது சூட்டையும் எடுத்துப் போகும். அறிவியல் பாடத்தில் 'பதங்கமாதல்' என்று படிக்கிறோமே, அதுதான் இது.

அதே பெட்டியில் வேகமாகச் சுழலும் ஓர் உருளை இருக்கிறது. வீரர் வெளிவிடும் மூச்சிலும் அவருடைய வியர்வையிலும் ஈரம் இருக்கும். அந்த ஈரத்தைக் காற்றிலிருந்து பிரிப்பது இந்த உருளையின் வேலை. அது சுழலும்போது தண்ணீர் ஓரத்துக்குத் தள்ளப்படும். அங்கே இருக்கும் சிறிய துளைகளின் வழியே தண்ணீர்ப் பக்கத்துக்குப் போய்ச் சேரும். ஈரம் நீங்கிய காற்று மட்டும் வீரரின் தலைக்குப் பின்புறமாக ஹெல்மெட்டுக்குள் வரும். இந்தப் பாதையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். துப்பு இங்கேதான் இருக்கிறது.

ஜூலை 9: ஒரு சின்ன அறிகுறி

ஆபத்து நேர்ந்ததற்கு ஒரு வாரம் முன்பு, ஜூலை 9ஆம் தேதி, லூக்கா தன் முதல் விண்நடையைச் செய்தார். இத்தாலியர் ஒருவர் செய்த முதல் விண்நடையும் அதுதான். ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்துவிட்டு நல்லபடியாக உள்ளே வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றினால், உள்ளே தண்ணீர்! அரை லிட்டருக்குக் குறையாது.

எங்கிருந்து வந்தது? வீரர்கள் தாகத்துக்குக் குடிக்க, உடைக்குள் மார்புப் பக்கம் ஒரு தண்ணீர்ப் பை இருக்கும். அது ஒழுகியிருக்கும் என்று முடிவு செய்தார்கள். கேட்டதும் சரியாகத்தான் படுகிறது, இல்லையா? முன்பும் ஹெல்மெட்டுகளில் கொஞ்சம் ஈரம் தென்பட்டது உண்டு. அதெல்லாம் வழக்கம்தான் என்று எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது.

இப்போது நீங்கள் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்தில் அடுத்த விண்நடை. வீரர்களின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் வேலை ஒதுக்கியாகிவிட்டது. 'பை ஒழுகியது' என்ற பதில் கையில் இருக்கிறது. புதுப் பை மாற்றிவிட்டு அடுத்த வேலைக்குப் போவீர்களா? அல்லது எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு உடையைச் சோதிக்கச் சொல்வீர்களா?

பதில் சொல்வதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். பை ஒழுகியதை யாராவது சோதித்துப் பார்த்தார்களா? இல்லை. அது ஓர் ஊகம். நம்பக்கூடிய ஊகம், ஆனால் ஊகம்தான். அன்று அந்த ஊகத்தையே பதிலாக எடுத்துக்கொண்டார்கள். பையை மாற்றினார்கள். அதே உடையில் லூக்கா மறுபடி வெளியே போனார்.

ஜூலை 16: பையைக் காலி செய்த லூக்கா

இரண்டாம் விண்நடை தொடங்கி 40 நிமிடம்கூட ஆகவில்லை. லூக்காவின் உடையிலிருந்த கார்பன் டைஆக்சைடு உணரி வேலை செய்யாமல் போனது. உணரி நனைந்துபோனாலும் அப்படி ஆவதுண்டு. சில நிமிடங்களில் லூக்கா கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னார்: தலைக்குப் பின்னால் தண்ணீர் இருப்பதை உணர்கிறேன்.

வியர்வையா? குடிக்கும் தண்ணீரா? அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் உள்ள கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களும் லூக்காவும் காசிடியும் பேசிக்கொண்டார்கள். காசிடி பக்கத்தில் வந்து ஹெல்மெட் கண்ணாடி வழியே பார்த்தார். லூக்கா பையில் இருந்த தண்ணீரை எல்லாம் குடித்துத் தீர்த்தார்.

அது மிக நல்ல சோதனை! பைதான் ஒழுகுகிறது என்றால், பை காலியானதும் ஒழுகல் நிற்க வேண்டும். ஆனால் தண்ணீர் கூடிக்கொண்டே போனது. அப்படியென்றால் ஊகம் தவறு. தண்ணீர் வேறு எங்கிருந்தோ வருகிறது. எவ்வளவு வரும் என்றும் யாருக்கும் தெரியாது.

தரையிலிருந்து பணிகளை நடத்தும் தலைவர் அன்று டேவிட் கோர்த். விண்நடையை முடித்துக்கொண்டு உள்ளே திரும்பும்படி அவர் முடிவெடுத்தார். ஆறு மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டிய வேலை, தொடங்கிச் சுமார் ஒரு மணி நேரத்தில் கைவிடப்பட்டது.

இப்படிப்பட்ட நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு விதிகள் உண்டு. எந்தப் பழுது வந்தால் ஒழுங்காகத் திரும்ப வேண்டும், எது வந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு உடனே உள்ளே ஓட வேண்டும் என்றெல்லாம் முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்கள். ஆபத்து இல்லாத நாளில், பதற்றம் இல்லாமல், நிதானமாக யோசித்து எழுதியவை அவை. பதற்றத்தில் மூளை குழம்பும் என்பதால்தான் இந்த ஏற்பாடு.

தண்ணீர் ஏன் கீழே வடியவில்லை?

'தண்ணீர் கழுத்து வழியே கால் பக்கம் வடிந்துவிடாதா?' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி.

விண்வெளி நிலையம் பறக்கும் உயரத்தில் பூமியின் ஈர்ப்பு இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அங்கேயும் இருக்கிறது. தரையில் இருப்பதில் கிட்டத்தட்ட 90 சதவீதம் இருக்கிறது! ஆனால் நிலையமும் அதிலுள்ள எல்லாமும் ஒன்றாகவே பூமியை நோக்கி விழுந்துகொண்டிருக்கின்றன. பக்கவாட்டில் மணிக்குச் சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தில் போவதால், விழுந்துகொண்டே பூமியைச் சுற்றி வருகின்றன. வீரர், ஹெல்மெட், தண்ணீர் எல்லாம் சேர்ந்து ஒரே வேகத்தில் விழும்போது, தண்ணீருக்கு மட்டும் 'கீழே' என்று ஒரு திசை ஏது?

அப்போது தண்ணீரை ஆள்வது பரப்பு இழுவிசை. தண்ணீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. தோலையும் முடியையும் துணியையும்கூடப் பற்றிக்கொள்கின்றன. பூமியில் ஈர்ப்பு வலுவாக இழுப்பதால் இந்தப் பிடி நம் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. அங்கே அது முழு பலத்தையும் காட்டுகிறது. லூக்காவின் தலைக்குப் பின்னால் சேர்ந்த தண்ணீர் முடியைப் பற்றி, காதுகளை மூடி, நெற்றிக்கு வந்து, கண்ணையும் மூக்கையும் மூடியது. ஹெல்மெட் போட்டிருக்கும்போது கையால் துடைக்கவும் முடியாது.

இருட்டில் ஒரு கயிறு

நிலையம் ஏறக்குறைய 90 நிமிடத்தில் பூமியை ஒருமுறை சுற்றிவிடும். அதனால் அங்கே ஒரு நாளில் சுமார் 16 முறை சூரியன் மறையும். லூக்கா திரும்பும் வழியில் அப்படி ஓர் இரவு வந்தது. வெளியே இருட்டு. கண்ணில் தண்ணீர். காதில் தண்ணீர் புகுந்ததால் வானொலிக் குரலும் சரியாகக் கேட்கவில்லை. வாயால் மட்டுமே மூச்சுவிட முடிந்தது. அடுத்த முறை வாயைத் திறந்தால் உள்ளே வருவது காற்றா தண்ணீரா என்று தெரியாத நிலை.

அவர் பதறவில்லை. என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று ஒவ்வொன்றாக யோசித்தார். வெளியே வந்தபோதே தன்னை நிலையத்தோடு ஒரு கயிற்றால் பிணைத்திருந்தார். அந்தக் கயிறு தானாகச் சுருண்டு மெல்ல இழுக்கும் வகையில் செய்யப்பட்டது. அது இழுக்கும் பக்கம்தான் வாசல்! கண் தெரியாவிட்டாலும் கயிறு காட்டிய திசையில், கைப்பிடிகளைத் தடவித் தடவி நகர்ந்தார். கடைசி வழி ஒன்றையும் மனதில் வைத்திருந்தார். ஹெல்மெட்டில் இடது காதுப் பக்கம் ஒரு சிறிய திறப்பு உண்டு. அதைத் திறந்தால் தண்ணீர் வெளியே பாயலாம். உடையின் அழுத்தமும் குறைந்துவிடும் என்பதால் வேறு வழியே இல்லாவிட்டால் மட்டும் அது.

நுழைவு அறைக்குள் வந்து சேர்ந்தார். பின்னாலேயே காசிடியும் வந்து வெளிக்கதவை மூடினார். உள்ளே காற்றழுத்தம் மெல்ல ஏறும்வரை காத்திருக்க வேண்டும். பேச்சுக் கேட்காத லூக்காவின் கையைக் காசிடி பிடித்துக்கொண்டார். லூக்கா கையை அழுத்தினார். 'நலமாக இருக்கிறேன்' என்று அதற்குப் பொருள். உள்கதவு திறந்ததும் அமெரிக்க வீராங்கனை கேரன் நைபெர்க்கும் ரஷ்ய வீரர்களும் ஹெல்மெட்டைக் கழற்றித் துண்டுகளால் தண்ணீரை ஒற்றி எடுத்தார்கள். ஹெல்மெட்டுக்குள் சேர்ந்திருந்தது சுமார் ஒன்றரை லிட்டர்!

விசாரணை சொன்னது

அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா விசாரணைக் குழு அமைத்தது. உடையின் பாகங்களைக் கழற்றி ஆராய்ந்தார்கள். காற்றையும் நீரையும் பிரிக்கும் சுழல் உருளை நினைவிருக்கிறதா? அதன் சிறிய துளைகளைத் தூசு போன்ற கனிமப் படிவு அடைத்திருந்தது. வெளியேற வழியில்லாத தண்ணீர் காற்றுப் பாதைக்குள் பொங்கி, காற்று வரும் அதே வழியில் தலைக்குப் பின்னால் வந்து சேர்ந்திருக்கிறது. ஜூலை 9ஆம் தேதி வந்த தண்ணீருக்கும் குடிநீர்ப் பை காரணமில்லை.

2014 பிப்ரவரியில் வெளியான அறிக்கை, அடைத்த துளைகளோடு நிற்கவில்லை. மனிதர்கள் எப்படி முடிவெடுத்தார்கள் என்பதையும் ஆராய்ந்தது. ஹெல்மெட்டில் கொஞ்சம் தண்ணீர் இருப்பது இயல்பு என்று பழகிவிட்டதும், பைதான் காரணம் என்பதைச் சோதிக்காமல் ஏற்றுக்கொண்டதும், முழுதாக ஆராயப் புகுந்தால் நிறைய நேரமும் வேலையும் பிடிக்குமே என்று தயங்கியதும் விபத்துக்கு வழிவிட்டன என்று வெளிப்படையாக எழுதியது. தங்கள் நிறுவனத்தின் குறையை உலகமே படிக்கும்படி எழுதினார்களே, அதை நான் மிகவும் மதிக்கிறேன். மறைத்திருந்தால் அடுத்த வீரருக்கு யார் பாதுகாப்பு?

உடையில் இரண்டு எளிய பொருள்களையும் சேர்த்தார்கள். ஒன்று, தலைக்குப் பின்னால் தண்ணீரை உறிஞ்சும் பஞ்சுத்தகடு. தலை அதில் படும்போது சொதசொதவென்று இருந்தால் தண்ணீர் கசிகிறது என்று வீரருக்குத் தெரிந்துவிடும். இன்னொன்று, வாயருகிலிருந்து இடுப்புப் பக்கம் போகும் ஒரு குழாய். ஹெல்மெட்டில் தண்ணீர் நிறைந்தாலும், உடையின் கீழ்ப்பகுதியில் இருக்கும் காற்றை அதன் வழியே உறிஞ்சி மூச்சுவிடலாம்.

அதே அறிகுறி, வேறு முடிவு

2016 ஜனவரி 15. விண்வெளி வீரர்கள் டிம் கோப்ராவும் டிம் பீக்கும் விண்நடையில் இருந்தார்கள். கோப்ரா அணிந்திருந்தது, பாகங்கள் மாற்றிச் சரிசெய்த லூக்காவின் அதே உடை. ஹெல்மெட்டுக்குள் ஒரு சிறு நீர்க்குமிழி வந்திருப்பதாக அவர் சொன்னார். இம்முறை நீண்ட பேச்சு இல்லை. முக்கியமான மின்கருவியை மாற்றும் வேலை முடிந்திருந்தது. மற்ற வேலைகள் பாக்கி. இருவரையும் உடனே திரும்பச் சொன்னார்கள். பத்திரமாக உள்ளே வந்தார்கள்.

2022 மார்ச் 23. வீரர்கள் ராஜா சாரியும் மத்தியாஸ் மவுரரும் விண்நடை முடித்து உள்ளே வந்த பிறகு, மவுரரின் ஹெல்மெட்டுக்குள் மெல்லிய நீர்ப்படலம் தெரிந்தது. யாருக்கும் ஆபத்து நேரவில்லை. வேலையும் முடிந்துவிட்டது. ஆனாலும் காரணம் தெரியும்வரை, அவசரம் தவிர வேறு எதற்கும் இந்த உடையில் விண்நடை கிடையாது என்று நாசா நிறுத்தியது. ஆறு மாதங்களுக்கு மேல் ஆராய்ந்தார்கள். அக்டோபரில் விடை கிடைத்தது: உடையில் பழுது ஏதும் இல்லை. வீரரின் கடும் உழைப்பு, குளிர்விப்பை வைத்திருந்த அளவு போன்றவை சேர்ந்து வழக்கத்தைவிட அதிகமாக ஈரம் சேர்ந்திருக்கிறது.

இதைக் கவனியுங்கள். 2013இல் எளிய விடையைச் சோதிக்காமல் நம்பினார்கள், அது தவறாகிப்போனது. 2022இல் கிடைத்ததும் எளிய விடைதான். ஆனால் சோதித்துக் கண்டுபிடித்தார்கள். அதனால் நம்பிக்கையோடு மறுபடி வெளியே போக முடிந்தது.

வலியே இல்லாத ஆபத்து

உடைக்கு மட்டுமில்லை, உடம்புக்கும் இதே கவனம் வேண்டும். நிலையத்தில் மருத்துவமனை கிடையாது. மருந்துப் பெட்டியும், சில கருவிகளும், பயிற்சி பெற்ற வீரர்களும் உண்டு. தரையில் இருக்கும் மருத்துவரோடு ஒவ்வொருவரும் வாரந்தோறும் தனியாகப் பேசுவார்கள்.

விண்வெளியில் ரத்தம் கால்களிலிருந்து தலைப் பக்கம் நகர்கிறது. அதனால் கழுத்துச் சிரையில் ஓட்டம் மாறுகிறதா என்று அறிய, ஓர் ஆராய்ச்சிக்காக வீரர்கள் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்தார்கள். ஆறு மாதப் பயணத்தில் இரண்டு மாதம் முடித்திருந்த ஒருவரின் கழுத்துச் சிரையில் ரத்தம் உறைந்து கட்டியிருந்தது! அவருக்கு வலி இல்லை, வீக்கம் இல்லை. ஸ்கேன் எடுத்திருக்காவிட்டால் தெரிந்தே இருக்காது. அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

மறுபடி உங்கள் முறை. அவரை உடனே பூமிக்கு அழைப்பீர்களா? அங்கேயே மருந்து கொடுப்பீர்களா? ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசிமருந்து நிலையத்தில் கொஞ்சம்தான் இருந்தது. அந்த மருந்து எடுக்கும்போது அடிபட்டால் ரத்தம் நிற்காமல் வழியலாம். அதை முறிக்கும் மாற்று மருந்தோ அங்கே இல்லை.

நாசா மருத்துவர்கள், ரத்த உறைவில் நிபுணரான மருத்துவர் ஸ்டெஃபான் மோலிடம் ஆலோசனை கேட்டார்கள். ஆபத்துகளை எடைபோட்டு, அங்கேயே சிகிச்சை தருவது என்று முடிவு செய்தார்கள். இருக்கும் மருந்து அடுத்த சரக்குக் கலம் வரும்வரை போதும்படி அளவைத் திட்டமிட்டார்கள். குப்பியிலிருந்து மருந்தை ஊசியில் ஏற்றுவதுகூட அங்கே பெரும்பாடு. லூக்காவின் முகத்தைப் பிடித்த அதே பரப்பு இழுவிசை மருந்தையும் பிடித்துக்கொள்கிறது! பிறகு சரக்குக் கலத்தில் மாத்திரைகள் போய்ச் சேர்ந்தன. தரையில் இருந்தவர்கள் வழிகாட்ட, அந்த வீரர் தன் கழுத்தைத் தானே அவ்வப்போது ஸ்கேன் செய்துகொண்டார். தரையிறங்கும்போது அடிபடக்கூடும் என்பதால், நான்கு நாள் முன்பே மாத்திரையை நிறுத்தினார்கள். அவர் நலமாக வந்து சேர்ந்தார். 2020இல் இந்த அனுபவத்தை மருத்துவ இதழில் எழுதியபோதும் அவர் பெயரை வெளியிடவில்லை. நோயாளியின் அந்தரங்கத்தைக் காப்பதும் மருத்துவக் கடமை அல்லவா?

லூக்கா என்ன ஆனார்? 2019இல் மீண்டும் விண்வெளிக்குப் போனார். நிலையத்தின் தளபதி ஆன முதல் இத்தாலியர் அவர்தான். அந்தப் பயணத்தில் இன்னும் நான்கு விண்நடைகள் செய்து, ஒரு பெரிய அறிவியல் கருவியைப் பழுதுபார்த்தார்.

செய்து பாருங்கள்

ஒரு ரூபாய் நாணயம், ஒரு இங்க் ஃபில்லர், கொஞ்சம் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். நாணயத்தைச் சமமான இடத்தில் வையுங்கள். வழியாமல் அதன்மேல் எத்தனை சொட்டு நிற்கும்? முதலில் உங்கள் கணிப்பை எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு சொட்டாக விட்டு எண்ணுங்கள். நாணயத்தின் மேல் தண்ணீர் குவிந்து நிற்பதைப் பக்கவாட்டில் பாருங்கள். அதைப் பிடித்து வைத்திருப்பது பரப்பு இழுவிசை. நாணயத்தைத் துடைத்துவிட்டு, சோப்பு கலந்த தண்ணீரில் மறுபடி செய்யுங்கள். எண்ணிக்கை மாறுகிறதா?

நண்பர்களும் செய்து பார்க்கட்டும். உங்கள் எண்ணும் அவர்கள் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால், 'அவன் தப்பாக எண்ணியிருப்பான்' என்று விட்டுவிடாதீர்கள். சொட்டின் அளவு வேறா? நாணயத்தில் எண்ணெய்ப் பிசுக்கா? ஃபில்லரை உயரத்தில் பிடித்தீர்களா? காரணங்களை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றையும் சோதிக்க ஒரு வழி கண்டுபிடித்து, சோதித்துப் பார்த்த பிறகே விடையை எழுதுங்கள்.